கல்லூரி மாணவருக்கு ஒரு பழைய கார்: வடசென்னையில் தேடுவது முதல் பெயர் மாற்றுவது வரை

வடசென்னையில் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்றுதான். நான் சொல்வேன், அதைவிட முதலில் கேட்க வேண்டியது "இத்தனை வருஷம் ராத்திரியில எங்க நின்னுச்சு?" என்பது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடல் காற்று தகரத்தை அரிக்கும். வியாசர்பாடியிலும் மணலி புதுநகரிலும் மழைத் தண்ணீர் கதவு வரை ஏறும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய நல்ல என்ஜினை வழக்கமான சர்வீஸ் செலவில் பராமரித்து ஓட்டிவிடலாம். உள்ளே தண்ணீர் போன வண்டியும் தரை துருப்பிடித்த வண்டியும் மாணவர் கையில் இருக்கும் பணத்தை மாதாமாதம் தின்றுவிடும். இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கார் வேண்டுமா என்ற கணக்கு

திருவொற்றியூரிலிருந்து செங்குன்றம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40 கிலோமீட்டர். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தால் நல்லது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 270 ரூபாய்; மாதம் 22 நாள் கல்லூரிக்குக் கிட்டத்தட்ட 6,000 ரூபாய். இது பெட்ரோல் மட்டும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பஞ்சர் எல்லாம் தனி. மாணவிகளுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021-லிருந்து டிக்கெட்டே இல்லை. விம்கோ நகர் வரை மெட்ரோவும் அதே ஆண்டில் வந்துவிட்டது. ராயபுரத்திலிருந்து நந்தனத்துக்கோ கிண்டிக்கோ போகிறவருக்குக் கார் தேவையே இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். நேர் பஸ் இல்லாத இடத்தில் படிப்பவர், இரவு டூட்டி பார்க்கும் மருத்துவ மாணவர், வீட்டில் முடியாத பெரியவர்களை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துப் போக வேண்டியவர், இவர்களுக்குக் கார் உண்மையிலேயே கைகொடுக்கும்.

"நாலு ஃபிரெண்ட்ஸை ஏத்திக்கிட்டு ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிடலாம்" என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். வெள்ளை போர்டு வண்டியில், அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில், கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது சட்டப்படி வாடகை ஓட்டம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும். அந்த வருமானத்தை நம்பி வண்டி எடுக்காதீர்கள்.

இன்னொன்று, நிறுத்த இடம். பழைய வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் பல தெருக்களில் ஒரு ஆட்டோ நின்றால் இன்னொன்று போக முடியாது. ஆல்ட்டோ மாதிரி சின்ன காருக்கே ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டும், கதவு திறக்க இன்னும் கொஞ்சம். வண்டி பார்க்கப் போவதற்கு முன் டேப் எடுத்துத் தெருவை அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

எந்த வண்டி

கையில் 3 லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் தேட வேண்டாம். மீதி 50,000 பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் முதல் சர்வீஸுக்கும் போகும். அது போகாத பழைய கார் கிடையாது.

மாணவருக்கு என் பரிந்துரை சின்ன பெட்ரோல் கார்: ஆல்ட்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, ஐ10, கிராண்ட் ஐ10. எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். உதிரிபாகம் உள்ளூர் கடையிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் புதுப்பேட்டையில் நிச்சயம் கிடைக்கும். ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்ட்டோ 800, பழைய சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் ஐ10 இவற்றில் என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை இருக்கும். வேகன்ஆரின் கே10 என்ஜினிலும் ஐ10, கிராண்ட் ஐ10 கார்களின் 1.2 கப்பா என்ஜினிலும் அதற்குப் பதில் செயின். பெல்ட் என்றால் கடைசியாக எப்போது மாற்றியது என்று பில்லோடு கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் என்ஜினுக்குள் பெரிய வேலை வந்துவிடலாம்.

ஃபோர்டு ஃபிகோ, டட்ஸன் ரெடிகோ, செவர்லே பீட் எல்லாம் விலை குறைவாகக் கிடைக்கும். ஜிஎம் 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டட்ஸன் 2022-ல் போனது. இவற்றில் ஃபிகோ நல்ல உறுதியான கார்தான். ஆனால் பாகத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் கல்லூரிக்கு எப்படிப் போவது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

முடிந்தால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டியைப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயமானது; ஜூலையில் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயமாயின. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்களோடு சேர்ந்து ஓட்டப்போகும் புது டிரைவருக்கு, பெரிய ஸ்டீரியோவும் அலாய் வீலும் இல்லாவிட்டாலும் ஏபிஎஸ் இருக்க வேண்டும்.

டீசல் வேண்டாம். தினமும் நின்று நின்று ஓடும் குறைந்த தூரத்துக்கு அது லாபமே இல்லை. கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் அது ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் தொடாதீர்கள்.

எங்கே தேடுவது

முதலில் வீட்டைச் சுற்றி. அப்பாவோடு துறைமுகத்திலோ மணலி கம்பெனிகளிலோ வேலை பார்க்கும் யாராவது வண்டி மாற்றுவார்கள். தெரிந்த முதல் ஓனரிடம் நேராக வாங்குவதுபோல ஒன்று கிடையாது. வண்டி எங்கே நின்றது என்பது உங்களுக்கே தெரியும். அடுத்து உங்கள் ஏரியா மெக்கானிக். அவர் சர்வீஸ் பார்க்கும் வண்டி விற்பனைக்கு வந்தால் அதன் ஜாதகமே அவர் கையில். அதற்கப்புறம்தான் ஆப், சாலையோரக் கார் கடைகள். கடையில் வாங்கினால் விலையில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும், ஆனால் பெயர் மாற்றும் வேலையை அவர்களே பார்ப்பார்கள். எதை யார் செய்வது என்பதை எழுதி வாங்குங்கள்.

வடசென்னைக்கே உரிய ஒரு ஆசைத் தூண்டில் ஆந்திரா நம்பர் வண்டி. கும்மிடிப்பூண்டி தாண்டினால் ஆந்திரா என்பதால் அங்கிருந்து வண்டிகள் நிறைய வரும். விலை கண்ணைப் பறிக்கும். ஆனால் அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வெளிமாநில நம்பரிலேயே இங்கே ஓட்ட முடியாது. அங்கே கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது பழைய ஓனர் ஒத்துழைத்தால்தான் நடக்கும். வகுப்பும் தேர்வும் இருக்கும் மாணவருக்கு இந்த அலைச்சல் ஆகாது. டிஎன் நம்பரிலேயே பாருங்கள்.

வண்டி பார்க்கக் கிளம்பும் முன்

நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியவை நிறைய. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவு தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் ஏதும் இருக்கிறதா என்பது தெரியும். இ-சலான் தளத்தில் பாக்கி அபராதம் தெரியும். கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும். ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் கடன் பதிவு, கேன்சல் ஆகாமல் பெயர் மாறாது. "டியூ எல்லாம் முடிஞ்சிடுச்சு தம்பி, பேப்பர் மட்டும் வாங்கணும்" என்றால், பேப்பர் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

முன்பு டாக்சியாக ஓடியதா என்பதையும் பதிவு விவரத்தில் பாருங்கள். 15 வருடத்தை நெருங்கும் காரென்றால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியைப் புதுப்பிக்கும் செலவு உங்கள் தலையில் விழும். பசுமை வரியும் உண்டு.

அடுத்தது பலருக்குத் தெரியாத வழி: கடைசி மூன்று வருட இன்சூரன்ஸ் பாலிசிகளை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் என்சிபி என்று ஒரு வரி இருக்கும், கிளெய்ம் செய்யாதவருக்குத் தரும் தள்ளுபடி. அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறும். கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தது 2023 டிசம்பர். அதே ஓனரிடம் 50 சதவீதத்தில் இருந்த என்சிபி, 2024-ல் புதுப்பித்த பாலிசியில் பூஜ்யம் என்றால், நடுவில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. என்ன கிளெய்ம் என்று கேளுங்கள். ஓனர் மாறியிருந்தாலும், பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தாலும் பூஜ்யமாகும் என்பதால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். கேள்வி கேட்க உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர், உப்பு: நிதானமாகப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்யும்போதோ, வண்டியை அப்போதுதான் கழுவியிருக்கும்போதோ பார்க்காதீர்கள். ஈரத்தில் எல்லா பெயின்ட்டும் பளபளக்கும். கூட ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், உட்கார்ந்து படுக்க ஒரு பழைய போர்வை. என் ஏரியா மெக்கானிக் அண்ணன் மாணவர்களிடம் எப்போதும் சொல்வது: "தம்பி, மேல பெயின்ட்ட பாத்து மயங்காத. கீழ படுத்து பாரு, அங்கதான் வண்டி பேசும்."

முதலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி போடாமல், கதவை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈரச் சாக்கு வாடை வருகிறதா? அல்லது அதை மறைக்க டேஷ்போர்டில் வாசனை டப்பா மூன்று ஒட்டியிருக்கிறார்களா? பிறகு டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கை அளவுக்கு மட்டும் இழுத்துவிட்டு விடாதீர்கள். இனி வராது என்று நிற்கும் வரை இழுத்தால், வருடக்கணக்கில் வெளிச்சம் படாத ஒரு முழம் பெல்ட் வெளியே வரும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் அந்த இடத்தில் காய்ந்த சேற்றின் நிறத்தில் குறுக்கே ஒரு கறை தெரியும். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதை அது காட்டிவிடும். விற்பவர்கள் சீட் கவரை மாற்றுவார்கள், மேட் மாற்றுவார்கள், பெல்ட்டின் இந்த முனையைக் கழுவ மறந்துவிடுவார்கள். பெல்ட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் காரணம் கேளுங்கள்.

அடுத்து சீட்டை முன்னுக்குத் தள்ளி, அதன் அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் டார்ச் அடியுங்கள். காலடி மேட்டை எடுத்து, அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பழுப்பு மணல், துருப்பிடித்த போல்ட், ஈரமான பஞ்சு இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, ஃபியூஸ் பாக்ஸின் உட்புறம், ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கோடு இவற்றையும் பாருங்கள். 2023 வெள்ளத்தில் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது. அந்தப் பகுதி வண்டியின் அடியில் கருப்புப் பிசுக்கு திட்டுத்திட்டாக இருந்தால் அந்த டிசம்பரில் வண்டி எங்கே நின்றது என்று நேராகக் கேளுங்கள்.

வெள்ள வண்டியை விலை குறைத்து வாங்கலாமா? கூடாது. என்ஜினைக் கழட்டிச் சுத்தம் செய்துவிடலாம். ஒயரிங் கனெக்டருக்குள் போன தண்ணீர் மாதம் ஒரு கோளாறாக வெளியே வரும்: இன்று பவர் விண்டோ, அடுத்த மாதம் ஏர்பேக் லைட், அதற்கடுத்து ஒரு நாள் மணலி சாலை நடுவே ஸ்டார்ட்டே ஆகாது.

உப்புக்கு வேறு இடங்கள். கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவின் உள்பக்கம், பேட்டரி உட்காரும் தட்டு, பானட் கீல்கள், ஜாக்கி வைக்கும் இடம், பிரேக் ஆயில் போகும் மெல்லிய குழாய். மேலோட்டமான துரு பரவாயில்லை. தேய்த்து பெயின்ட் அடித்துவிடலாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டும்போது டொக் டொக் என்று மந்தமாகக் கேட்டாலோ, பொருக்கு உதிர்ந்தாலோ அந்தத் தகரம் உள்ளிருந்து போய்விட்டது. காந்தம் ஒட்டாத இடத்தில் டிங்கரிங் செய்து பட்டி பார்த்திருக்கிறார்கள். பம்பரில் காந்தம் ஒட்டாது, அது பிளாஸ்டிக். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை சொல்லும், அதனால் ஆறிய பிறகு மறுபடி வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நிற்கச் சொல்லி ஒருவரை வையுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் ஏடு மாதிரி இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

கிளட்சைச் சோதிக்க மூலக்கடை மேம்பாலத்தின் ஏற்றம் போதும். இரண்டாவது கியரில் ஏறும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. குண்டும் குழியுமான ஒரு உள்தெருவில் ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாகப் போய்ப் பாருங்கள். சஸ்பென்ஷன் புஷ் போயிருந்தால் கட் கட் என்று கேட்கும். மாதவரம் 200 அடி சாலை காலியாக இருக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது தெரியும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். வண்டி 30,000 கிலோமீட்டர்தான் என்கிறார்கள், நான்கு டயரும் ஏற்கெனவே ஒருமுறை மாறியிருக்கிறது என்றால் மீட்டரில் கை வைத்திருக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவை விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் ஒவ்வொரு முறையும் ஓடிய கிலோமீட்டர் இருக்கும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். உங்கள் மெக்கானிக்கின் அரை நாள் கூலியைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள், வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னாலும்.

விலையும் பணமும்

பேரத்தில் "ஸ்டூடன்ட்ணா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்பது ஓரளவுக்குத்தான் எடுபடும். கையில் ஒரு சீட்டு இருந்தால் பேச்சே வேறு: இரண்டு டயர் இவ்வளவு, டைமிங் பெல்ட் இவ்வளவு, பேட்டரி இவ்வளவு. மெக்கானிக் எழுதிய அந்தச் சீட்டை நீட்டி, "அண்ணே, இதைக் கழிச்சிட்டு சொல்லுங்க" என்றால் பெரும்பாலும் ஒரு நியாயமான இடத்தில் வந்து நிற்கும். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் 5,000-க்கு மேல் வேண்டாம், அதற்கும் ரசீது வாங்குங்கள். மீதியை ஆர்சியில் இருக்கும் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். புரோக்கரின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க விற்பவருக்கே வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. பெயர் மாற்ற விண்ணப்பம் ஏறும் வரை ஒரு பகுதியை நிறுத்திவைக்கச் சம்மதிக்கும் விற்பவர் கிடைத்தால் ரொம்ப நல்லது.

வருமானம் இல்லாத மாணவருக்கு வங்கி கார் கடன் கொடுப்பது அரிது. அப்பா, அம்மா பெயரில்தான் போக வேண்டும். கடன் வாங்காமலேயே எடுத்தாலும் ஆர்சியை அவர்கள் பெயரில் வைப்பதில் தவறில்லை. ஓட்டுகிறவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் போதும். எல்எல்ஆர் மட்டும் இருப்பவர் எல் போர்டு போட்டு, லைசென்ஸ் உள்ளவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்டலாம்.

பெயர் மாற்றம்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு, படிவம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, உங்கள் முகவரிக்கு உரிய ஆர்டிஓ அலுவலகத்தில் தாக்கல் செய்யலாம். தண்டையார்பேட்டை டிஎன் 03, செங்குன்றம் டிஎன் 18. ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று, சேசிஸ் எண்ணின் பென்சில் பிரின்ட் தயாராக இருக்கட்டும். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்சியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போகிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். ஏஜென்ட் வைத்தால், பரிவாகனில் காட்டும் கட்டணத்தைத் தெரிந்துகொண்டு அவர் கூலியைப் பேசுங்கள்.

தேதி போடாத ஓபன் ஃபார்மில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே வருடக்கணக்கில் ஓட்டும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்றவருக்கு அது தலைவலி. வாங்கிய உங்களுக்கும் அப்படித்தான்: வண்டி சேதமானால் கிளெய்ம் கிடைக்காது, திரும்ப விற்கவும் முடியாது.

வண்டி கைக்கு வரும் நாளில் டெலிவரி நோட் எழுதுங்கள். தேதியோடு மணியையும் போடுங்கள். மதியம் 3 மணிக்கு வண்டி கைமாறியது என்று இருந்தால், அன்று காலை விழுந்த சிக்னல் அபராதம் யாருடையது என்ற பேச்சே வராது. விற்பவரின் ஃபாஸ்டேக்கை அவரையே ரத்து செய்யச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள்.

இன்சூரன்ஸும் முதல் மாதமும்

மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக மாறாது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் என்சிபி அவரோடு போய்விடும். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், வரி தனி. பணம் மிச்சம் என்று இதோடு நிறுத்தாதீர்கள். முழுக் காப்பீட்டோடு என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பகுதியையும் சேர்த்து எடுங்கள். தேங்கிய தண்ணீரில் என்ஜின் நீர் குடித்து நின்றுபோனால் சாதாரணப் பாலிசி அதற்குப் பணம் தராது. கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு நிரம்புகிற ஊரில் இது வீண் செலவாகாது.

முதல் வாரத்திலேயே என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் மாற்றினார் என்றாலும் சரி. கடலோரத்தில் நிறுத்துகிறவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் அண்டர்பாடி கோட்டிங் அடித்துவிடுவது நல்லது. பெருமழை எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே உயரமான தெருவில் தெரிந்தவர் வீட்டு வாசலில் வண்டியை விட்டுவிடுங்கள். இரவில் தண்ணீர் ஏறிவிட்டதென்றால் சாவியைத் திருப்பவே கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, டோ வண்டியில்தான் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போக வேண்டும்.